முழு நிமிஷ அக்கா

தன் கண்ணால் பார்க்காத எதையும் வாய்திறந்து சொல்லாத ஒருவர், அன்று என் விஷயத்தில் மட்டும் ஏன் அப்படிச் சொன்னார்?

நான்கு வருடங்களாக இதை யோசிக்கிறேன். மகளுக்குத் தலை பின்னும்போது, பால் பொங்குவதற்காக அடுப்படியில் நிற்கும்போது, திடீரென்று இந்தக் கேள்வி வந்து நிற்கும். கேள்வி உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் முதலில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வகுப்பில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரில் 'அக்கா'. முதுகுக்குப் பின்னால் 'முழு நிமிஷம்'. "முழு நிமிஷம் வந்துடுச்சுடி, இன்னிக்கு நாலு மணி பஸ்ஸ மறந்துட வேண்டியதுதான்" என்று பெண்கள் முனகுவார்கள். அவருக்கும் அது தெரியும். "நல்ல பேருதான? அர நிமிஷம்னு வெச்சிருந்தாதான் கோவம் வந்திருக்கும்" என்பார்.

அது திண்டிவனத்தில் ஒரு மாடியில் இருந்த சின்னப் பயிற்சி நிலையம். மருத்துவ உதவியாளர் படிப்பு, ஒரு வருடம். நான் தாவரவியல் பட்டதாரி. திருமணமாகி விழுப்புரம் வந்து, பிள்ளை பெற்று, வீட்டிலேயே இருந்தால் படித்ததெல்லாம் மறந்துவிடுமோ என்ற பயத்தில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு, பத்து மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போகிறோமே என்ற பயம் பிடித்துக்கொண்டது. ஒன்றை விட்டால் இன்னொன்று. என் சுபாவம் அப்படி.

அக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது இருக்கும். விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கணவர் கரும்பு வெட்டப் போகிறவர். திருமணத்துக்குப் பிறகு டுடோரியலில் படித்துப் பத்தாவது முடித்தவர். விழுப்புரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் எட்டு வருடம் தரை துடைத்தவர். எனக்கு முந்தின பேட்ச்சில் படித்து, செய்முறைத் தேர்வில் தோற்று, மறுபடி எழுத எங்களோடு ரிவிஷன் வகுப்புக்கு வந்தார். இரண்டு முறைக்கு மேல் எழுத அனுமதி இல்லை. இது இரண்டாவது.

"பாஸ் ஆனா ஓ.பி.யில ஒக்காரலாம், பேஷண்டு கைய புடிச்சி நாடி பாக்கலாம்னு எங்க நர்சிங் ஹோம் டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க. இந்த தடவையும் போச்சுன்னா திரும்ப தர தொடைக்கிற மாப்புதான்" என்று முதல் நாளே சொன்னார். அழுகிற குரலில் இல்லை. மழை வந்தால் குடை, வராவிட்டால் வெயில் என்பதுபோலச் சொன்னார்.

இடது கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம் கட்டியிருப்பார். முகப்பு உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருக்கும். துடைப்பம் பிடிக்கும்போது கண்ணாடி கீறாமல் இருக்க அப்படிக் கட்டிப் பழகியதாம். ஆனால் நாடி பார்க்கவும் அதுதான் வசதி. நோயாளியின் கையைப் பிடித்தால் விநாடி முள் தானாகக் கண்ணுக்கு நேராக வந்துவிடும். சிவப்பு முள்.

அவர் எப்படித் தோற்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வில் ஒரு நோயாளியை உட்கார வைப்பார்கள். பத்து நிமிடத்துக்குள் அவருடைய உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் நான்கையும் பார்த்து எழுத வேண்டும். நாங்களெல்லாம் நாடியைப் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவோம். அக்கா முழு நிமிடம் எண்ணுவார். மூச்சையும் முழு நிமிடம். இடையில் சந்தேகம் வந்தால் முதலிலிருந்து. அந்த ஆண்டு அவர் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.

மூச்சு எண்ணுவதில் ஓர் ஊரறிந்த ரகசியம் உண்டு. நாடி விரலில் தட்டும், மூச்சு அப்படியில்லை. புடவைக்குள்ளும் போர்வைக்குள்ளும் நெஞ்சு ஏறி இறங்குவது சரியாகத் தெரியாது. எண்ணுகிறோம் என்று நோயாளிகளுக்குத் தெரிந்தாலோ, அவர்கள் மூச்சு விடும் விதமே மாறிவிடும். அதனால் நாடி பார்க்கிற மாதிரியே கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோய் எண்ண வேண்டும் என்பது பாடம். நடைமுறை வேறு. ஆஸ்பத்திரி அட்டவணை ஒன்றை எடுத்துப் பாருங்கள். நாடி எழுபத்திரண்டு, எண்பத்தாறு, தொண்ணூறு என்று ஆளுக்கு ஆள் மாறும். மூச்சு மட்டும் எல்லோருக்கும் இருபது. அந்தக் கட்டத்தில் கை தானாக இருபது போட்டுவிடும்.

அக்கா ஒருநாள் வகுப்பில் எழுந்து கேட்டார். "மேடம், எங்க ஆஸ்பத்திரி வார்டுல கெழவி, கொமரி, ஆஸ்துமாகாரரு எல்லாம் படுத்திருப்பாங்க. எல்லார் சீட்டுலயும் இருபதுதான். சொல்லி வெச்ச மாதிரி எப்பிடி மேடம் மூச்சு வுடுவாங்க?"

வகுப்பே சிரித்தது. டியூட்டர் மேடமும் சிரித்துவிட்டு, "அதெல்லாம் வேல அதிகம்மா, அவங்களுக்கும் ரெண்டு கைதான" என்றார்.

"மூச்சு எண்ண கை வேணாமே மேடம், கண்ணு போதுமே" என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்தார். அதற்கப்புறம் மேடம் சிரிக்கவில்லை.

அந்த மேடம்தான் எங்கள் இருவரையும் ஜோடி சேர்த்தார். எனக்குப் புத்தகம் தலைகீழ்ப் பாடம். மனிதரைத் தொடத்தான் பயம். ஊசி கூட வேண்டாம், ஒரு கையைப் பிடி என்றாலே என் விரல் வியர்க்கும். என் நாடியே என் விரலில் அடித்து, யாருடையதை எண்ணுகிறேன் என்று தெரியாமல் போகும். அக்காவுக்குத் தொடுவதில் பயமில்லை, சொற்கள்தான் ஓடிப்போகும். "நீ அவங்களுக்கு வாய், அவங்க உனக்கு கை" என்றார் மேடம்.

இருவரும் விழுப்புரத்தில் ஒரே பேருந்தைப் பிடிப்போம். அவர் காணையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து எனக்காக இடம் போட்டு வைத்திருப்பார். போகும் வழியெல்லாம் ரிவிஷன்.

"மயக்கமா இருக்கறவங்க வாயில என்ன வெக்கக் கூடாது?"

"தெர்மாமீட்டரு."

"வேற?"

"தண்ணி. சோடா. அவங்க மாமியாரு கொண்டாற எதையும்."

"அக்கா!"

"எழுதிக்கோ, பரிட்சைக்கு வந்தாலும் வரும்."

விக்கிரவாண்டி தாண்டும்போது எதிர் சீட்டில் ஒருவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், அவர் நெஞ்சைப் பார்த்தார். எண்ண ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதர் பாதியில் விழித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, ரொம்ப நேரமா என்னையே பாத்துக்கினு கீற?"

"மூச்சு எண்றேண்ணா. நீங்க தூங்குங்க, இன்னும் இருபது செகண்டு கீது."

பேருந்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். நான் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். அந்த மனிதரோ விறைப்பாக உட்கார்ந்து, தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். இறங்கும்போது, "எத்தினி வந்துச்சுன்னு சொல்லலியே" என்றார்.

"பாதிலதான முழிச்சிட்டீங்க. அது கணக்கு இல்ல. நாளைக்கி வாங்க."

"சும்மா ஒரு நம்பர் சொல்லேம்மா, வூட்ல சொல்லிக்கலாம்."

"சும்மா எப்பிடிண்ணா சொல்றது?" அக்கா உண்மையாகவே திகைத்துப்போய்க் கேட்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அவருக்கு அது நேர்மை, கொள்கை என்றெல்லாம் பெரிய விஷயமில்லை. எண்ணாத எண்ணை எப்படிச் சொல்வது என்பது நிஜமாகவே அவருக்குத் தெரியாது.

அதனால் சில சமயம் கூட இருப்பவர்களுக்குச் சங்கடம். வகுப்பில் மிகச் சின்னப் பெண் ஒருத்தி, மாதிரித் தேர்வில் அவசரத்துக்கு அக்காவின் தாளைப் பார்த்து எழுதக் கேட்டாள். "இது இவரு மூச்சு. உனக்கு குடுத்த ஆளு வேற. பாத்து எழுதி இன்னா பண்ணப் போற?" என்று உரக்கச் சொல்லிவிட்டார். அவள் ஒரு வாரம் பேசவில்லை. அக்கா தினமும் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேப்பை அடையைப் பிட்டு நீட்டுவார். எட்டாம் நாள் அவள் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. அன்று மகளுக்குச் சளி. மூக்கடைத்துக் கர்கர் என்று சத்தம். நான் காலையிலிருந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடி இருந்தேன். நெஞ்சில் சளி கட்டிவிட்டதோ, நான் திண்டிவனம் போய் வருவதால்தானோ, தாய்ப்பாலைக் குறைத்ததால்தானோ என்று மனம் எங்கெங்கோ ஓடியது. அக்கா செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, மூச்சு வேகமா விடறா" என்றேன்.

"எண்ணினியா?"

"இல்ல, பாத்தா தெரியுது."

"பாத்தா தெரியாது. எண்ணினாதான் தெரியும். தூங்கறப்ப எண்ணலாம், இப்ப எழுப்பாத." குழந்தையின் சட்டையை மெல்ல மேலே தூக்கிவிட்டுத் தொட்டிலுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். "கொழந்த மூச்சு ஒரே சீரா வராது. ஓடும், நிக்கும், மறுபடி ஓடும். கால் நிமிஷம் எண்ணி பெருக்கினன்னா ஓடறத மட்டும் எண்ணிட்டு நீ பயப்படுவ. நிக்கறத மட்டும் எண்ணிட்டு நான் ஏமாந்துடுவேன். உக்காரு. நீ எண்ணு."

எண்ணினேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நிமிடத்தை நான் கண்டதில்லை. முப்பத்தாறு.

"ஒரு வயசுலருந்து அஞ்சு வயசு வரைக்கும் எத்தினிக்கு போனா வேகம்?" என்றார். இதுவும் ரிவிஷன்தான்.

"நாப்பது."

"அப்ப?"

"வேகம் இல்ல."

"விலாவுக்குக் கீழ உள்ள இழுக்குதா? பால் குடிக்கிறாளா? கொதிக்குதா?"

இழுக்கவில்லை, குடிக்கிறாள், கொதிக்கவில்லை. சொல்லச் சொல்ல என் தோள் தானாகக் கீழே இறங்கியது. காலையிலிருந்து காதுவரை ஏறியிருந்தது போலும். "சாயங்காலம் திரும்ப எண்ணு. நாளைக்கி டாக்டரான்ட காட்டிடு. நம்ம எண்ணறது டாக்டருக்கு சொல்றதுக்குதான், டாக்டருக்கு பதிலா இல்ல" என்றார். மறுநாள் காட்டினேன். வெறும் சளிதான்.

அன்று என் மாமியார் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அக்காவிடம் கேட்டார்: "கொழந்தைய என் தலைல கட்டிட்டு தெனம் ஓடறாளே, நல்லாத்தான் படிக்கிறாளா?"

வேறு யாராக இருந்தாலும், 'உங்க மருமக தங்கம்மா' என்று சொல்லியிருப்பார்கள். அக்கா காபியை ஒரு வாய் குடித்து யோசித்தார்.

"புஸ்தகம் நல்லா படிக்கிறா. கையிலதான் இன்னும் பயம் கீது. வேலைக்கி ஆவாளான்னு இப்ப சொல்ல முடியாதும்மா. ரெண்டு வாரம் பாத்துட்டு சொல்றேன்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. மாமியார் வாசல்வரை வந்து அவரை வழியனுப்பிவிட்டு, "இந்தம்மா பொய் சொல்லாது" என்றார். அந்தக் குரலில் மரியாதை இருந்தது. என் மீது அல்ல.

ஆனாலும் அக்காவுக்கு நான் செய்த ஓர் உதவி உண்டு. இன்றுவரை என் பெருமை அது. அவர் தோற்றதற்கு முழு நிமிடம் காரணமில்லை என்று நான் கண்டுபிடித்தேன். எங்கள் நிலையத்தில் பழைய கண்ணாடி தெர்மாமீட்டர். அக்குளில் ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் அக்கா அது விழுந்துவிடும் என்று அதையே பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகுதான் நாடி, பிறகு மூச்சு.

"அக்கா, அதை முதல்ல வைங்க. கைய நெஞ்சோட சேத்து மடிச்சி வைக்கச் சொல்லுங்க, விழாது. அந்த அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஒரு நிமிஷம் நாடி, ஒரு நிமிஷம் மூச்சு. மிச்சமே இருக்கும்."

அக்கா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "ஒரு அடுப்புல சோறு வேகறப்ப இன்னொரு அடுப்புல கொழம்பு வெக்கற மாதிரி."

"அதேதான்."

"தெனம் செய்யறது. இது தோணல பாரேன் எனக்கு." கையை எட்டி என் கன்னத்தைக் கிள்ளினார். அன்று வகுப்பில் ஒன்பது நிமிடத்தில் நான்கையும் முடித்தார். மறுநாள் எட்டரை. நிமிடம் மட்டும் அதே முழு நிமிடம்.

தேர்வு நாள் வந்தது. அன்றைய நோயாளி எங்கள் வாட்ச்மேன் ஐயா. எப்போதும் அவர்தான். அறுபதைத் தாண்டியவர். வருடா வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து அவருடைய எண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள்: நாடி எழுபத்தெட்டு, மூச்சு இருபது, பிரஷர் நூற்று முப்பதுக்கு எண்பது. அவரே உதடு அசையாமல் சொல்லுவார். "எழுபத்தெட்டு, இருபது… எழுதிக்கினு ஜல்தி போம்மா, எனக்கு கேட்டு தொறக்கணும்." அன்று லேசாக இருமினார். படியேறி வந்ததால் என்று நினைத்தோம். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தது.

தேர்வாளர் வெளியிலிருந்து வந்த ஒரு டாக்டர். நாங்கள் பன்னிரண்டு பேர். ஒன்பதாவது நான். மறுதேர்வு என்பதால் அக்கா கடைசி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திறந்த ஜன்னல் வழியே உள்ளே இருப்பவர்களின் முதுகு தெரியும்.

தெர்மாமீட்டரை வைத்தேன். நாடியைப் பிடித்தேன். அறுபது விநாடி எண்ணியதில் தொண்ணூற்றாறு வந்தது. எழுபத்தெட்டுதானே இருக்க வேண்டும்? நான் எண்ணியதை நானே நம்பவில்லை. மறுபடி எண்ணினேன். நடுவில் விட்டுப்போய் மூன்றாவது முறை. கண் எங்கே இருந்தது என்றுகூட நினைவில்லை. கை மட்டும் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தது. ஐந்து நிமிடம் ஓடிவிட்டது. தெர்மாமீட்டரில் தொண்ணூற்றொன்பது. பிரஷர் பார்த்து முடித்தபோது அரை நிமிடம் பாக்கி. மூச்சு என்ற கட்டம் காலியாக இருந்தது.

இருபது என்று எழுதினேன்.

கடைசியாக அக்கா போனார். நாங்கள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டோம். தெர்மாமீட்டர் வைத்துக் கையை மடித்துவிட்டார். நாடி, ஒரு நிமிடம். மூச்சு, ஒரு நிமிடம். புருவம் சுருங்கியது. மறுபடி ஒரு நிமிடம். வேண்டாம் அக்கா, எழுதிவிட்டுப் போங்கள் என்று வாய்க்குள் சொன்னேன். அவர் எழுதிவிட்டு பிரஷரை முடித்தார். மணி அடிக்க முக்கால் நிமிடம் இருந்தது.

டாக்டர் தாளைப் பார்த்தார். "மூச்சு இருபத்தெட்டா?"

"ஆமாங்க சார்."

மற்ற தாள்களைப் புரட்டினார். "பதினோரு பேரும் இருபதுன்னு எழுதியிருக்காங்களேம்மா."

"அது தெரியாதுங்க சார். நான் ரெண்டு தபா எண்ணினேன். ரெண்டு தபாவும் இருபத்தெட்டு."

"தப்பா எண்ணியிருந்தா?"

"திரும்ப எண்றேங்க. நீங்களும் எண்ணுங்க. ஒண்ணா எண்ணலாம்."

அதற்குள் வாட்ச்மேன் ஐயா, "சார், என்னுது எப்பவும் இருபதுதான் சார்" என்றார். "நீங்க பேசாதீங்கண்ணா, பேசினா எண்ண முடியாது" என்று அக்கா அடக்கினார்.

இருவரும் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். வெளியே திண்டிவனம் கடைத்தெருவின் அத்தனை ஹாரனும் கேட்டது.

"எத்தனை?" என்றார் டாக்டர்.

"இருபத்தெட்டு."

"எனக்கு இருபத்தொன்பது."

"கடசி ஒண்ண நான் வுட்டுட்டனோ என்னமோ" என்று அக்கா வருத்தப்பட்டார்.

டாக்டர் அதற்குள் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டார். வாட்ச்மேன் ஐயாவின் சட்டையைத் தூக்கி முதுகில் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு டியூட்டர் மேடத்திடம், உடனே ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னார். "வயசானவங்களுக்கு சில சமயம் காய்ச்சல் பெருசா காட்டாது. மூச்சுதான் முதல்ல சொல்லும். இவங்க கேட்டிருக்காங்க." நுரையீரலில் நல்ல தொற்று. பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து மறுபடி கேட்டில் உட்கார்ந்தார் ஐயா. "என் நம்பரையெல்லாம் மாத்திட்டு போய்ட்டாங்க அந்தம்மா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஆட்டோ கிளம்பியதும் டாக்டர் எங்கள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். தாள்களைக் கையில் பிடித்திருந்தார். "இருபதுன்னு எழுதினவங்கள்ல நிஜமா எண்ணினது யாரு?"

யாரும் அசையவில்லை.

அப்போது அக்கா என் பக்கம் கையைக் காட்டினார். "இவ எண்ணினா சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "எண்ணினியாம்மா?"

நான் தலையை அசைத்தேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாத ஓர் அசைவு. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். "எண்ணித் தப்பு பண்றது வேற, எண்ணாம எழுதறது வேற" என்று சொல்லி, மற்றவர்களுக்கு அந்தப் பகுதியின் ஐந்து மதிப்பெண்ணையும் அடித்தார். எனக்கு மூன்று கொடுத்தார்.

செய்முறையில் அந்த வருடம் அக்காதான் முதல். அறிவித்தபோது கேப்பை அடை வாங்கிச் சாப்பிட்ட அந்தச் சின்னப் பெண்தான் முதலில் விசிலடித்தாள். "முழு நிமிஷம்! முழு நிமிஷம்!" என்று எல்லோரும் கத்தினோம், முதன்முறையாக முகத்துக்கு நேராக. அக்கா கடிகாரம் கட்டிய கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் அழுதும் இருக்கலாம். நான் பார்க்கவில்லை, அதனால் சொல்லமாட்டேன்.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் சுடச்சுட வேகவைத்த மல்லாட்டை வாங்கினார், எங்கள் பக்கத்து வேர்க்கடலை. முன் சீட்டு, பின் சீட்டு, கண்டக்டர் எல்லோருக்கும் கைகையாக அள்ளிக் கொடுத்தார். "பாஸாயிட்டேங்க, எடுத்துக்கோங்க." பேருந்து நகர்ந்ததும் நான் ஆரம்பித்தேன்.

"அக்கா, அந்த இருபது…"

"சாப்புடு. ஆறிடும்" என்று என் உள்ளங்கையில் இன்னொரு பிடியை வைத்து மூடினார். விழுப்புரம் வரும்வரை வேறு எதையெதையோ பேசினார். நானும் பேசினேன்.

அடுத்த மாதமே அதே நர்சிங் ஹோமில் ஓ.பி.யில், வெளிநோயாளிப் பிரிவில், உட்கார்ந்தார். வெள்ளை கோட்டில், முகப்பு உள்ளே திரும்பிய அதே கடிகாரத்தோடு அவரை ஒருமுறை போய்ப் பார்த்தேன். வரிசை கதவுக்கு வெளியே வரை நின்றது. யாரும் முணுமுணுக்கவில்லை. "அந்தம்மாகிட்ட காட்டினாதான் காட்டின மாதிரி இருக்குது" என்று வரிசையில் ஒரு பெண் சொன்னாள். பிறகு குடும்பத்தோடு புதுச்சேரிப் பக்கம் போய்விட்டார். பொங்கலுக்குப் போன் வரும். "பாப்பா எப்பிடி கீறா?" என்பார். "நல்லா இருக்கா" என்றால், "எத்தினி கிலோ?" என்பார்.

நானும் வேலைக்குப் போகிறேன். விழுப்புரத்தில் ஒரு கிளினிக். என் அட்டவணையில் பதினேழு இருக்கும், இருபத்திரண்டு இருக்கும், உண்மையிலேயே வந்தால் இருபதும் இருக்கும். அன்றிலிருந்து ஒரு மூச்சைக்கூட எண்ணாமல் எழுதியதில்லை. அந்த மூன்று மதிப்பெண்ணை அப்படித்தான் அடைத்துக்கொண்டிருக்கிறேன் போலும்.

ஆனால் கேள்வி போகவில்லை. ஜன்னல் வழியே என் முதுகைத்தான் அக்கா பார்த்திருக்க முடியும். மணிக்கட்டைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றேன் அல்லவா? நாடி பார்ப்பவளும் மூச்சு எண்ணுபவளும் பின்னாலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். எண்ணுகிறேன் என்று அவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம். இல்லை, எல்லாம் தெரிந்துதான் என்னைக் காப்பாற்றினாரா? பேருந்தில் விசாரித்த மனிதருக்குச் சும்மா ஓர் எண் சொல்லத் தெரியாதவர் எனக்காகச் சொன்னாரா? அல்லது என் மாமியாருக்கு, இரண்டு வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாரே, அந்தப் பதிலா அது? மாமியாரிடம் அந்தப் பதிலை அவர் பிறகு ஒருபோதும் தனியாக வந்து சொல்லவில்லை.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. அந்த டியூட்டர் மேடம் கூப்பிட்டிருந்தார். புதிய பேட்ச்சுக்குத் தேர்வு நெருங்குகிறது; சனிக்கிழமைகளில் வந்து ரிவிஷன் எடுக்க முடியுமா என்றார். போன வாரம் முதல் வகுப்பு. அக்காவின் கதையைச் சொன்னேன். இருபத்தொன்பது என்று டாக்டர் சொன்ன இடத்தில் பதினான்கு பெண்களும் கைதட்டினார்கள். ஒரு பெண் எழுந்து, "மேடம், அன்னிக்கு நீங்க எத்தன எழுதினீங்க?" என்று கேட்டாள். மணியைப் பார்த்து, நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதுதான். அவர்களும் இருபது போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சொன்னால், வாழ்நாளில் அக்கா சொன்ன ஒன்று தப்பு என்றும் சேர்த்துச் சொன்னதாகிவிடுமே. முதலில் அவருக்குப் போன் செய்து சொல்லிவிடலாமா? "தெரியும் போ" என்றால் நிம்மதி. "எண்ணினன்னு நம்பித்தாண்டி சொன்னேன்" என்றால்? போனில் அவர் எண்ணை இரண்டு முறை அழுத்திப் பார்த்து, அழைக்காமலே வைத்துவிட்டேன்.

படிக்கிறவர்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள், செவிலியர்கள் இருப்பீர்கள், என்னைப் போல எதற்கும் இரண்டுமுறை யோசிக்கிற அம்மாக்களும் இருப்பீர்கள். பிள்ளைகளிடம் முதலில் சொல்வதா, அக்காவிடம் முதலில் கேட்பதா? அடுத்த வகுப்பு வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அந்தப் பெண் முதல் பெஞ்சில் உட்காருகிறவள், மறக்கமாட்டாள். அதற்குள் சொல்லுங்கள், நான் என்ன செய்யட்டும்?